பாண்டி பஜாரின் அகலமான நடைபாதை அடுத்த தெருவுக்கு ஏன் வரவில்லை?

மாம்பலத்து மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் பிறந்து இன்றும் அங்கேயே வசிக்கிறேன். என் தந்தைக்கு வயது 74. கடந்த ஆண்டு வரை, மாலை ஐந்து மணி ஆனதும் வீட்டிலிருந்து புறப்படுவார். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, அங்குள்ள கடைவீதியான பாண்டி பஜார் வரை நடந்து, அங்கே ஏதாவது ஓர் இருக்கையில் அமர்ந்து ஆள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். ஒரு மாலை வீட்டிலிருந்து நூறு மீட்டர் கூடப் போயிருக்க மாட்டார். நடைபாதையை முழுவதுமாக மறித்து நிற்கும் மின்மாற்றியைச் சுற்றிப் போவதற்காகச் சாலையில் இறங்கியபோது, பின்னால் வந்த ஸ்கூட்டர் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓட்டி வந்தவர் கல்லூரி மாணவர். அவரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்து வந்து, நாங்கள் போய்ச் சேரும் வரை கூடவே இருந்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் அப்பாவும் இறங்கித்தான் ஆக வேண்டும், அந்தப் பிள்ளையும் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று தெருவை அமைத்து வைத்திருக்கிறோம்.

நான் கேட்க விரும்புவது இதுதான். சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் கொள்கை சொன்னது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதையும் வந்தது. இரண்டும் நல்ல வேலைகள். இரண்டையும் என் தந்தை மனதாரப் பாராட்டுவார். ஆனால் அவற்றுக்குப் போய்ச் சேரும் தெருவில்தான் அவர் விழுந்தார். ஒரு தெருவில் இவ்வளவு சிறப்பாகச் செய்யத் தெரிந்த நகரத்துக்கு அடுத்த தெருவில் ஏன் முடியவில்லை? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

பழைய ஓவர்சியர்

அம்மா, உங்கள் தந்தையார் நலம் பெற வேண்டுகிறேன். உள்ளாட்சிப் பணியில் சாலைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பாண்டி பஜாரை ஒரு திட்டமாக எடுத்துக்கொண்டார்கள். சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு வரைபடம், அதற்கு ஒரு பொறுப்பதிகாரி, திறப்பு விழாவுக்கு ஒரு நாள் என்று எல்லாம் இருந்தன. வாகனத் தடத்தைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்துவதற்கு முன்பே தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். உங்கள் தெருவுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அங்கே நடைபாதை என்று ஒன்று இருப்பதே பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் கட்டும் ஒப்பந்தத்தில் மேலே ஒரு பலகைக் கல்லைப் போட்டு மூடுவார்கள், அதற்கு நடைபாதை என்று பெயர் வந்துவிடும். வடிகாலின் ஆழமும் சரிவும்தான் அதன் உயரத்தைத் தீர்மானிக்கும். நடக்கிறவரின் முழங்காலை அந்த வரைபடத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்ததாக, அந்தத் துண்டு நிலத்துக்கு உரிமையாளர்கள் பலர். மின்மாற்றியும் பகிர்மானப் பெட்டியும் மின்வாரியத்துடையவை. மேன்ஹோல் குடிநீர் வாரியத்துடையது. சிக்னல் கம்பம் போக்குவரத்துக் காவல் துறையின் பொறுப்பு. அண்ணா சாலை போன்ற பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையும் வந்துவிடும். ஒரு மின்மாற்றியை இரண்டு மீட்டர் தள்ளி வைக்கவேண்டும் என்றால், அதற்கான செலவை வைப்புத் தொகையாக மாநகராட்சி கட்ட வேண்டும், மின்வாரியம் மதிப்பீடு போட வேண்டும், மின்தடைக்கு நாள் குறிக்க வேண்டும், தள்ளி வைக்கும் இடத்தின் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். நடைபாதை போடும் ஒப்பந்தக்காரருக்கு இந்த வேலை தரப்படுவதே இல்லை என்பதால், அவர் மின்மாற்றி வரை கல் பதித்து நிறுத்தி, அதற்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கி, நீளத்தை அளந்து பில் போட்டுவிடுவார். அளவுப் புத்தகத்தில் அந்தத் தெருவுக்கு நடைபாதை போட்டாயிற்று.

பெங்களூரில் டெண்டர்ஷூர் என்ற பெயரில் சில சாலைகளைச் செய்தபோது, நிலத்தடிக் குழாய், மின்கம்பி, வடிகால், நடைபாதை அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். செலவு அதிகம் என்று விமர்சனம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சாலைகளில் நடந்து பார்த்திருக்கிறேன். நடைபாதை நடுவில் பெட்டி நிற்பதில்லை.

கடைத்தெரு

நான் தியாகராய நகரில் மூன்றாம் தலைமுறையாகத் துணிக்கடை நடத்துபவன். கடைக்காரர்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், சண்டைக்கு அல்ல.

நடைபாதை அகலமானபோது கடை வாசலில் கார் நிறுத்துவது போயிற்று. வெளியூரிலிருந்து குடும்பமாகக் காரில் வந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பவர்கள்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். பல மாடி வாகன நிறுத்தம் பின்னால் வந்தது என்றாலும், நான்கு பட்டுப்புடவைப் பெட்டிகளையும் ஒரு பாட்டியையும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க அவர்கள் தயங்குகிறார்கள். தெருவை அழகாக்குவதற்கு முன் எங்களுடன் உட்கார்ந்து, சரக்கு இறக்க எந்த நேரம், முதியவர்களை இறக்கிவிட எந்த இடம் என்று பேசியிருந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013இல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை எடுத்து வணிக வளாகத்துக்குள் கொண்டுபோனபோது எங்களில் பலர் மகிழ்ந்தோம். அப்போது நானும் மகிழ்ந்தேன். இப்போது மாலையில் அந்த அகலமான நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது, பூக்காரம்மாவும் வளையல் கடையும் இருந்த காலத்தில் அந்த இடத்தில் ஒரு பைக் ஏறியிருக்க முடியாதே என்று தோன்றுகிறது.

மிதிவண்டிக்காரன்

கடைத்தெரு ஐயாவின் கடைசி வரி முக்கியமானது. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நடைபாதை நன்றாக அகலமாக இருந்தால், ஓரத்தில் ஒரு வரிசைக் கடைக்கும் நடக்கிறவருக்கும் சேர்ந்தே இடம் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக நடக்கும் பெண்களுக்கு, விளக்கும் ஆளும் உள்ள ஒரு வேர்க்கடலை வண்டி எவ்வளவு பெரிய தைரியம் என்பதை என் தங்கை சொல்லித்தான் நான் அறிந்தேன்.

நான் கோடம்பாக்கத்திலிருந்து நந்தனம் வரை தினமும் மிதிவண்டியில் வேலைக்குப் போய் வருபவன். சென்னையில் 1970 வாக்கில் ஐந்து பயணங்களில் ஒன்று மிதிவண்டியில் நடந்தது. 2008 வாக்கில் அது சுமார் 6 சதவீதமாகச் சுருங்கியது. அதே காலத்தில் இருசக்கர வாகனம் 2 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 25 சதவீதத்துக்கு வளர்ந்தது. வசதி வந்ததும் மக்கள் வண்டி வாங்கினார்கள் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுதோறும் மிதிவண்டி கொடுக்கிறது. பள்ளி முடிந்ததும் அந்த மிதிவண்டிகள் எங்கே போகின்றன? எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழ் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. கல்லூரிக்கு மேம்பாலத்தில் ஏறிப் போக வேண்டும் என்பதால் அவர் வீட்டில் அனுமதிக்கவில்லை. பெற்றோரின் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த மேம்பாலத்தில் நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

பெரிய சாலைகளில் மிதிவண்டிக்குத் தனித்தடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. வெள்ளைக் கோடு போட்டால் போதாது. ஓரக்கல் வைத்துப் பிரித்த தடமாக இருக்க வேண்டும்.

வெண்கோல்

வணக்கம். நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் துணையுடன் இந்த இழையை வாசித்து எழுதுகிறேன். வங்கிப் பணியில் இருக்கிறேன்.

நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளவரி ஓடு என்றால் நேராகப் போகலாம் என்று பொருள். புள்ளி ஓடு என்றால் நில், முன்னால் சாலையோ படியோ இருக்கிறது என்று பொருள். என் கோலும் காலும் படிக்கும் எழுத்து அது. பல தெருக்களில் அந்த நீளவரி என்னை நேராகக் கொண்டுபோய் ஒரு மரத்திலோ மின்பெட்டியிலோ விட்டுவிடுகிறது. பதித்தவருக்கு அது ஓர் அலங்காரக் கரை. நான் அதை நம்பி நடப்பவன். நம்பக்கூடாத வழிகாட்டியைவிட வழிகாட்டி இல்லாமல் இருப்பது எனக்குப் பாதுகாப்பானது என்று வருத்தத்துடன் சொல்கிறேன்.

இருசக்கர வாகனங்கள் ஏறக்கூடாது என்று நடைபாதையின் தொடக்கத்தில் குத்துக்கல்லும் இரும்புக் கம்பியும் நட்டு வைக்கிறார்கள். அவற்றின் இடைவெளியைக் குறுக்கிக் குறுக்கி, சக்கர நாற்காலி நுழைய முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பைக் மட்டும் எப்படியோ பக்கத்து வீட்டுச் சாய்தளத்தின் வழியாக ஏறிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்களைத் தடையற்றதாக அமைக்கச் சொல்கிறது. நடைபாதையில் ஒரு தடுப்பை நடுகிறவர், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒருமுறை அதைக் கடந்து பார்த்த பிறகு நட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும்.

பழைய ஓவர்சியர்

வெண்கோல் சார் சொன்ன சாய்தளம் பற்றி ஒரு சொல். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய அடுக்கைப் போட வேண்டும் என்பது விதி. பல ஆண்டுகள் அப்படிச் செய்யாமல் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டதால் சாலை உயர்ந்துகொண்டே போயிற்று. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரர்கள் வாசலை உயர்த்தினார்கள். உயர்ந்த வாசலிலிருந்து கார் இறங்க, நடைபாதையின் குறுக்கே சிமெண்டுச் சாய்தளம் வந்தது. ஒரு தெருவில் முப்பது வீடு என்றால், நடக்கிறவருக்கு முப்பது மேடும் முப்பது பள்ளமும். இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை, நடைபாதையில் தடையில்லாத அகலம் குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. வீட்டு வாசல்களில் நடைபாதையின் மட்டத்தை அப்படியே தொடர விட வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். சாய்தளம் நடைபாதையின் வெளி ஓரத்தில், ஓரக்கல்லை ஒட்டி மட்டும் வந்தால் போதும். இது வரைபடத்தில் ஒரு கோட்டை இடம் மாற்றும் வேலைதான்.

வடகடல்

நான் எட்டு ஆண்டுகளாக நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வசிக்கிறேன். தஞ்சாவூர்க்காரன். இங்கே மிதிவண்டி ஓட்டுவது இவர்களின் மரபு என்று ஊரில் பலர் என்னிடம் சொல்வதால், இவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் பகிர்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நாடும் காருக்காகத் தெருக்களை அகலப்படுத்தியது, கால்வாய்களை மூடிச் சாலையாக்கியது. 1971இல் ஏறத்தாழ 3,300 பேர் சாலைகளில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதன் பிறகுதான், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற நேரடியான பெயருடன் பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கித் தெருவில் அமர்ந்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடை செய்தபோது, காரில்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது. டெல்ஃப்ட் நகரத்தின் சில குடியிருப்புகளில் மரமும் இருக்கையும் வளைவும் வைத்து, வண்டி நடைவேகத்தில் மட்டுமே வரக்கூடிய தெருக்களை அமைத்தார்கள். 1976இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. அங்கே தெருவின் உரிமையாளர் குழந்தை, விருந்தாளி கார்.

மிதிவண்டிக்காரன் அண்ணனிடம் ஒரு மாறுபட்ட கருத்து. இங்கே எல்லாத் தெருவிலும் தனித்தடம் கிடையாது. வேகம் அதிகமுள்ள பெரிய சாலைகளில்தான் பிரித்த தடம். குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டராக்கிவிட்டு, மிதிவண்டியும் காரும் ஒரே பாதையில்தான் போகின்றன. மாம்பலத்தின் ஏழு மீட்டர்த் தெருவில் தனித்தடத்துக்கு இடம் தேடுவதைவிட வேகத்தைக் குறைப்பது எளிது.

கடைத்தெரு

வடகடல் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் குளிரும் இந்த ஊரின் மே மாத வெயிலும் ஒன்றல்ல. மதியம் இரண்டு மணிக்கு உஸ்மான் சாலையில் யாரை நடக்கச் சொல்ல முடியும்?

மாம்பலத்து மகள்

ஐயா, அந்த வெயிலில் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்கள் ரங்கநாதன் தெரு வழியாக ரயிலுக்கு நடக்கிறார்கள். சித்தாள் நடக்கிறார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா நடக்கிறார். 2008ஆம் ஆண்டுக் கணக்கில் சென்னையின் பயணங்களில் கால்பங்குக்கு மேல் நடைதான். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு முனையிலும் ஒரு நடை இருக்கிறது. வெயில் என்பது நடைபாதை வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது, மரம் வேண்டும் என்பதற்குத்தான் காரணமாகும். பழைய தியாகராய நகர்த் தெருக்களில் இருந்த தூங்குமூஞ்சி மரங்களின் நிழலைப் பற்றி அப்பா இன்றும் பேசுவார்.

புதுக்கோட்டையாள்

அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். வடகடல் தம்பி டெல்ஃப்டைப் பற்றிச் சொன்னதும், நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மிதிவண்டி வாங்க முன்வந்த பெண்களுக்குக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்களுக்கு ஏற்ற மிதிவண்டி கடைகளில் தீர்ந்துபோய், நடுவில் கம்பி வைத்த ஆண்கள் மிதிவண்டியையே வாங்கி ஓட்டியவர்கள் உண்டு. என் தாயார் கல்குவாரியில் வேலை செய்தவர், அப்படித்தான் ஓட்டக் கற்றார். அதற்கு முன் எங்கள் ஊரிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடை. தண்ணீர்க் குடமும் தம்பியும் என் தாயாரின் மிதிவண்டியில் ஒன்றாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பேருந்துக்கும் அண்ணனுக்கும் காத்திராமல், தான் நினைத்த நேரத்தில் புறப்பட்ட முதல் பெண் எங்கள் வீட்டில் அவர்தான்.

நான் சென்னைக்குத் திருமணமாகி வந்த பின், அதே தாயார் என்னிடம் சொன்னது, இந்த ஊரில் நீ சைக்கிள் எடுக்காதே என்பது. கல்குவாரிப் பாதையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிய பெண்மணி அவர். இழையில் அகலம், உயரம், ஒப்பந்தம் என்று பேசுகிறீர்கள், எல்லாம் வேண்டியவைதான். ஒரு பெண் புறப்படுவதற்கு முன் மனதில் போடும் கணக்கு வேறு ஒன்றும் உண்டு. பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்பினால் ஒதுங்க இடம் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா, திரும்பி வரும்போது இருட்டிவிடுமா என்பது அந்தக் கணக்கு. அதற்கு விடை இல்லாத தெருவில், அரசு கொடுத்த மிதிவண்டி படிக்கட்டின் கீழ்தான் நிற்கும்.

மிதிவண்டிக்காரன்

அக்கா, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வடகடல் சொன்னதையும் சேர்த்து யோசித்தபின் என் கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, பழைய மகாபலிபுரம் சாலை போன்றவற்றில் பிரித்த தடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. உள்தெருக்களுக்கு வேகக் குறைப்பை முதலில் கேட்கிறேன்.

ஆனால் பலகை வைத்தால் வேகம் குறையும் என்று யாரும் நம்ப வேண்டாம். தெருவின் அமைப்புதான் கால் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நேராகவும் அகலமாகவும் இருந்தால், நல்ல மனிதரும் வேகமாகத்தான் போவார்.

பழைய ஓவர்சியர்

வேகத்தின் கணக்கைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் என் பணிக்காலத்தில் நானே இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியைவிட 50 கிலோமீட்டரில் மோதும் அதே வண்டிக்கு ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றல். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்தால், அந்த ஒரு வினாடியில் 30இல் போகும் வண்டி 8 மீட்டரும், 50இல் போகும் வண்டி 14 மீட்டரும் ஓடிவிடும். ஆகவே 30இல் வந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய இடத்தில், 50இல் வரும் வண்டி பிரேக் பிடிக்கும் முன்பே முழு வேகத்தில் இடிக்கும். நார்வேயின் ஒஸ்லோ நகரில் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்றவரோ மிதிவண்டி ஓட்டியவரோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. அங்கே மைய நகரத்தில் வாகன நிறுத்தங்களை எடுத்தார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், பள்ளிகளைச் சுற்றி வண்டிகளைக் கட்டுப்படுத்தினார்கள். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இருசக்கர வாகனத்தில் சென்று இறந்தவர்கள் அதைவிட இருமடங்குக்கும் மேல். வேகத்தைக் குறைப்பது நடக்கிறவருக்கும் பைக் ஓட்டுபவருக்கும் இடையிலான போட்டி என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் எண்ணைப் பார்க்க வேண்டும்.

தெருமுனைகளில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. பேருந்து திரும்ப வேண்டும் என்று முனையின் வளைவைப் பெரிதாக்கினோம். வளைவு பெரிதானால் காரும் பைக்கும் வேகம் குறைக்காமலே திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். பேருந்தே வராத தெருக்களிலும் அதே வளைவைப் போட்டோம். அதை இறுக்கினாலே, ஒரு ரூபாய் கேமராச் செலவு இல்லாமல் வேகம் குறையும். கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி மேடையாக்கினால், நடக்கிறவர் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் ஏற வேண்டும்.

சிக்னல் நேரமும் அப்படித்தான். ஒரு வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது வழக்கமான கணக்கு. 24 மீட்டர்ச் சாலைக்கு 20 வினாடி போதும் என்று வரும். கைத்தடியுடன் நடக்கும் முதியவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 30 வினாடி வேண்டும். விடுபட்ட அந்தப் பத்து வினாடியில் அவர் நடுச்சாலையில் நிற்பார். நடுத்திட்டை இரண்டு மீட்டர் அகலத்தில் அமைத்தால் அங்கேயாவது நிற்கலாம்.

இதற்கெல்லாம் மாற்றாக நடைமேம்பாலம் கட்டுவோம் என்பார்கள். கீழே 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் நாற்பது படிக்குக் குறையாது. பேருந்தும் காரும் சமதளத்தில் போக, முழங்கால் வலிக்காரரை மாடி ஏறச் சொல்வது எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. மாம்பலத்தின் ஆகாய நடைபாதையை இதில் சேர்க்க மாட்டேன். ரயில் பாதை இருப்பதால் அங்கே ஏறித்தான் ஆக வேண்டும், மின்தூக்கியும் வைத்திருக்கிறார்கள்.

வெண்கோல்

சட்டத்தின் பக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர், விபத்தில் சிதைந்தவர்களைத் தினமும் அறுவை மேசையில் பார்த்தவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதத்தில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பில் விதிகளை மீறி அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மாம்பலத்து மகள் அவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கடைத்தெரு

நானும் ஒன்று கேட்கிறேன். 2025இல் தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைத்து இரும்பு மேம்பாலம் திறந்தார்கள், 150 கோடிக்கு மேல் செலவு. அதனால் என் வண்டிக்குச் சில நிமிடம் மிச்சம், மறுக்கவில்லை. அந்தத் தொகையில் எத்தனை தெருக்களுக்கு ஓவர்சியர் ஐயா சொன்ன முறையில் நடைபாதை போட்டிருக்கலாம் என்று இந்த இழையை வாசித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நீங்கள் ஏதேனும் மனு எழுதுவதாக இருந்தால், சரக்கு இறக்கும் நேரத்தையும், முதியவர்களை இறக்கிவிடும் இடத்தையும் அதில் சேருங்கள். நான் கையெழுத்திடுகிறேன், எங்கள் வரிசையில் இன்னும் சிலரிடமும் வாங்கித் தருகிறேன்.

மாம்பலத்து மகள்

ஐயா, நன்றி. இரண்டையும் சேர்க்கிறேன்.

இவ்வளவு நாளும், எங்கள் தெருவையும் பாண்டி பஜார் போல் ஆக்குங்கள் என்று மனு எழுத வேண்டும் என்றே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எழுதப் போவதில்லை. அப்பாவுக்குத் தேவை பத்து மீட்டர் அகலமும் பளபளப்பான கல்லும் அல்ல. எங்கள் வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை ஒருமுறைகூடச் சாலையில் இறங்காமல் போய்ச் சேரும் 1.8 மீட்டர். ஆகவே மனுவில் நீளத்தைக் கேட்காமல், முறிவுகளைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். வாசலிலிருந்து நிலையம் வரை நடைபாதை எத்தனை இடத்தில் அறுபடுகிறது, ஒவ்வொன்றையும் அறுத்தது எந்தத் துறையின் பொருள், அதை நகர்த்த என்ன வேண்டும் என்று பட்டியலிட்டு, மாநகராட்சி வட்டார அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தனித்தனியாக, ஒரே வரைபடத்துடன் கொடுக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அளக்கத் தொடங்குகிறேன். வர முடிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பழைய ஓவர்சியர்

வருகிறேன் அம்மா. முப்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. அகலத்தைச் சுவரிலிருந்து ஓரக்கல் வரை அளக்காதீர்கள், அப்படித்தான் எங்களை அளக்கச் சொல்வார்கள். தடையில்லாமல் நடக்கக்கூடிய இடத்தை மட்டும் அளக்க வேண்டும். ஒவ்வொரு மின்பெட்டியிலும் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் மின்வாரியம் எந்தப் பெட்டி என்று திருப்பிக் கேட்க முடியாது.

வெண்கோல்

நானும் வருகிறேன். நீங்கள் டேப்பால் அளக்கும் அதே வழியில் எனக்கு முன்னால் யாரும் நடக்காமல், நான் கோலுடன் தனியாக நடக்கிறேன். நான் நிற்கும் இடங்களை மட்டும் தனி நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையாள்

ஞாயிறு காலையின் அளவுடன், வேலை நாளில் இரவு எட்டரை மணிக்கும் ஒருமுறை அதே வழியில் நடந்து எரியாத விளக்குகளைக் குறிக்க வேண்டும். அந்த நடைக்கு நான் வருகிறேன். என் மகளையும் அழைத்து வருகிறேன்.